நாலு விரல் இடைவெளி

அக்கா மகன் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்றே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான். முன்சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே கையை நுழைத்துக் காட்டினான். "பாருங்க மாமா, நாலு விரல் போகுது. ஆட்டோ மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது." ரெண்டு விரல் அளவுக்கு வண்டியை இறக்க வேண்டுமாம். அதற்கென்றே விற்கிற லோயரிங் ஸ்பிரிங் நாலும் சேர்த்து, அவன் கையில் மிஞ்சியிருந்த பணத்துக்கு எட்டாத விலை. இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ரெண்டு சுற்று வெட்டிவிட்டால் கூலியோடு வேலை முடிந்துவிடும் என்று கூட்டாளி ஒருவன் யோசனை சொல்லியிருந்தான்.

வேண்டாம் என்று சொல்வது சுலபம். மாமாக்கள் அதைத்தான் சொல்வார்கள். நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங் திண்டுக்கல்லுக்குப் புதிய சரக்கில்லை. நாகல்நகர்ப் பக்கம் கையால் செய்கிற பூட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பூட்டுக்குள் அடுக்கடுக்காக லீவர்கள். அவற்றை அழுத்திப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங்குகள். சாவி லீவரைத் தூக்கினால் ஸ்பிரிங் எதிர்க்கும், சாவி விலகியதும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. இந்த விதியைக் கண்ட ராபர்ட் ஹூக், வேறு யாரும் அதற்கு உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராகத்தான் வெளியிட்டார். புதிரை அவிழ்த்தது 1678-இல். கண்டுபிடித்த விதியையே ரெண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த மனிதர்!

காரில் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதை அமுக்கினால் கம்பி வளைகிறது என்று தோன்றும். நடப்பது வேறு: ஈரத் துண்டைப் பிழிவதுபோலக் கம்பி தன் நீளவாக்கில் முறுக்கிக்கொள்கிறது. நீளமான கம்பியை முறுக்குவது எளிது, குட்டையானதை முறுக்குவது கடினம். தடித்த கம்பியோ அசையவே மறுக்கும். கம்பியின் விட்டம் ஒரு மடங்கு கூடினால் விறைப்பு 16 மடங்காகும். நான்காம் படியில் ஏறுகிற கணக்கு இது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் போட்டால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஸ்பிரிங் 38 சதவீதம் விறைத்துவிடும். சுற்றைக் குறைத்தாலும் விறைப்பு ஏறும். ஆறு சுற்று ஐந்தானால் 20 சதவீதம். எனவே "எத்தனை இஞ்ச் இறங்கும்?" என்று மட்டும் கேட்டு ஸ்பிரிங் வாங்குவது, நிறம் பார்த்துச் செருப்பு வாங்குகிற கதைதான்.

இனி வெட்டுகிற கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு முன்சக்கர ஸ்பிரிங்கின் மேல் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ வேண்டும். அப்படியானால் ஸ்பிரிங் ஏற்கெனவே 150 மில்லிமீட்டர் அமுங்கித்தான் நிற்கிறது. ஆறு சுற்று, சுமையில்லாத உயரம் 330 மில்லிமீட்டர், ஆக சுற்றுக்கு 55. ஒரு சுற்றை வெட்டுங்கள். உயரத்தில் 55 போயிற்று. ஆனால் விறைப்பு 2.4 ஆகிவிட்டதால் அதே 300 கிலோவுக்கு 125 தான் அமுங்கும். நிகரமாக வண்டி 30 மில்லிமீட்டர் இறங்கும். ரெண்டு சுற்று வெட்டினால் விறைப்பு 3, அமுங்குவது 100, இறக்கம் 60.

இதுவரை கூட்டாளி சொன்னதில் தப்பில்லை. வெட்டிய ஸ்பிரிங் விறைப்பது உண்மை, வண்டி இறங்குவதும் உண்மை. கோளாறு இருப்பது சக்கரம் கீழே தொங்கும்போது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதோ, ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட் முழுக்க நீள்கிறது. பழைய உயரத்திலிருந்து அது இன்னும் 80 மில்லிமீட்டர் நீளும் என்று வைப்போம். வெட்டாத ஸ்பிரிங் அப்போதும் 70 மில்லிமீட்டர் அமுங்கியபடி, தான் உட்காரும் இருக்கையை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு சுற்று போனால் அந்தப் பிடிப்பு 15-க்கு வந்துவிடும். ரெண்டு சுற்று போனால் மைனஸ் 40. அதாவது ஸ்பிரிங் தன் இருக்கையில் நாலு சென்டிமீட்டர் லொடலொடவென்று ஆடும். சக்கரம் மறுபடி தரையைத் தொடும்போது சரியான இடத்தில் போய் உட்காருமா, ஓரத்தில் ஏறி நிற்குமா என்பது அதன் இஷ்டம். கடைசிச் சுற்றின் முனை, இருக்கையின் குழிவுக்கேற்ப ஆலையில் வளைத்து அனுப்பியது. வெட்டுவது அந்த முனையைத்தான்.

கேஸ் வெட்டு என்றால் இன்னொரு கேடு. அரிவாள் அடிக்கிற ஆசாரி லாரிப் பட்டையைத் தேடி வாங்குவது அது ஸ்பிரிங் எஃகு என்பதால். அதைச் சிவக்கக் காய்ச்சி அடித்த பின் துவைச்சல் போடாமல் விட்டால் அரிவாள் கூர் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். ஸ்பிரிங் கம்பிக்கும் ஆலையில் அதே மாதிரி சூடும் குளிர்ச்சியும் அளந்து கொடுத்திருக்கிறார்கள். கேஸ் ஜ்வாலை பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும்.

சரி, ஒழுங்காகச் செய்த லோயரிங் ஸ்பிரிங்கே வாங்கிவிட்டால்? அங்கேயும் ஒரு கணக்கு உதைக்கிறது. சக்கரம் மேலே ஏற முன்பு 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது. 30 இறக்கினால் மிச்சம் 50. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே அடியை 50 மில்லிமீட்டருக்குள் தாங்க விறைப்பு இரண்டரை மடங்காக வேண்டும். கடையில் விற்கிற லோயரிங் ஸ்பிரிங் எதுவும் சாதாரணமாக அவ்வளவு விறைப்பாக இருக்காது, இருந்தால் யாரும் உட்கார முடியாது. எனவே பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் தோற்று, பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை அடி வாங்கும். "டங்" என்று கேட்கிற சத்தம் அதுதான்.

வேகத்தடைக்கு வருவோம். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நல்ல வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. நம் காரின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 2.4 மீட்டர். கார் நடுமேட்டில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். வயிற்றுக்குக் கீழே குறைகிற இடம் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆனால் ஊருக்குள் ஒரே ராத்திரியில் முளைக்கிற வேகத்தடையை யார் வட்டம் போட்டுக் கட்டுகிறார்கள்? வரப்பு மாதிரி குறுகலாக, 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சக்கரங்கள் ரெண்டு பக்கமும் சமதரையில் நிற்க, 12-உம் வயிற்றுக்கு வந்துவிடும். வெறும் வண்டியின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் என்றால், ஐந்து பேர் ஏறியதும் சராசரியாக 37 குறைந்து 133 ஆகும். தடவிக்கொண்டாவது தாண்டும். ஒரு சுற்று வெட்டியது 109 தான் தரும், தட்டும். ரெண்டு சுற்று வெட்டியது 85. மாமியார் வீட்டுக்காரர்களை இறக்கி நடக்கவிட்டுத்தான் வத்தலக்குண்டு போக வேண்டும்.

இவ்வளவுக்கும் மறுபக்கம் லாபம் என்ன? காரை இறக்குகிற பழக்கம் பந்தயத் தளத்திலிருந்து வந்தது. இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் மாதிரி வழவழப்பான தடத்தில் எடைமையம் தாழ்ந்தால் திருப்பத்தில் சுமை ஒரு பக்கச் சக்கரங்களுக்குச் சாய்வது குறையும், டயர்கள் சமமாகப் பிடிக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் நம் கார் என்ன சம்பாதிக்கும்? எடை 1000 கிலோ, எடைமையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில், 12 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மணிக்கு 20 கிலோமீட்டர். உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறத்துக்கு மாறுவது சுமார் 97 கிலோ. 3 சென்டிமீட்டர் இறக்கினால் 92. லாபம் 5 கிலோ. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அது ஒரு சின்னப் பை வெங்காயம்.

அதிலும் ஒரு நுணுக்கம். இந்த வகைக் கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. வண்டியை இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் சாய்வு மாறி, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதால், சாய்வு குறைய வேண்டிய வண்டிக்குக் கூடுதலாகச் சாயத் தோன்றும். விறைத்த ஸ்பிரிங் அதைச் சமாளித்தால் உண்டு. சக்கரக் கோணமும் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகும். ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்தது டயர்க் கடையில் போய்விடும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ளதும் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததும் ஒன்றுக்கொன்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்று சேர்த்தார்கள். லோயரிங் ஸ்பிரிங் விற்கிறவர் இதை ரசீதில் அச்சடிப்பதில்லை.

ஆசை விடாதவர்களுக்கு என் கணக்கில் தேறியது இது. பணத்தை முதலில் ஷாக் அப்சார்பரில் போடுங்கள். ஸ்பிரிங் ஆட்டும், ஷாக்தான் ஆட்டத்தை நிறுத்தும். 150 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கிற ஸ்பிரிங் நிமிடத்துக்கு 77 முறை ஆடும், ஏறக்குறைய நம் நாடித்துடிப்பு. 100 அமுங்கினால் அது 95. வேகமான ஆட்டத்தை அடக்க வலுவான ஷாக் வேண்டும். 80,000 கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக்கோ முன்னதையே அடக்கத் திணறும். அடுத்ததாக, வாங்கினால் நாலையும் ஒரே செட்டாக, அதே மாடலுக்கும் அதே என்ஜினுக்கும் உரியதாக வாங்குங்கள். டீசல் என்ஜின் கனம், பெட்ரோலுக்குச் செய்த ஸ்பிரிங் அதற்கு ஆகாது. 25 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவது நம் ஊருக்கு வேண்டாத வேலை. பழைய ஸ்பிரிங் கிடைத்தால் சமதரையில் இடது வலது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் துருக்குழி இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கம்பி முறியத் தொடங்குவது அங்கேதான்.

தாளைக் காட்டினேன். ஐந்து கிலோ வெங்காயத்தில்தான் அவன் முகம் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் ஸ்பிரிங்கைப் பார்க்கவே இல்லை. பானட்டின் மூலையில் ரெண்டு கையையும் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். வண்டி மூன்று தடவை குதித்துவிட்டு நின்றது. "தம்பி, ஸ்பிரிங்க விடு. ஷாக்கு செத்துருச்சு."

ஸ்ட்ரட்டை இறக்கி, ரெண்டு கொக்கித் திருகுகளை மாட்டி ஸ்பிரிங்கைச் சுற்றுச் சுற்றாக இறுக்கினார். "இப்ப குனியாத, எட்ட நில்லு" என்று அவனை விலக்கினார். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் எலும்பு மிஞ்சாது. மேல் நட்டைக் கழற்றி ஷாக்கைத் தனியே எடுத்து அதன் தண்டை உள்ளங்கையால் தள்ளினார். வாஷர் போன சைக்கிள் பம்ப் மாதிரி சத்தமில்லாமல் உள்ளே போய் அங்கேயே கிடந்தது. உடம்பெல்லாம் எண்ணெய்க் கசிவு, அதன்மேல் புழுதி.

முன்பக்க ஷாக் ரெண்டும் புதுசு, அலைன்மென்ட், கூலி. கையிலிருந்த பணம் சரியாகிவிட்டது. இப்போது வருகிற ஷாக்குகளுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அந்த வாயு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வண்டியும் சில மில்லிமீட்டர் எழும்பும். நான் இதை அவனிடம் சொல்லவில்லை. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியவன், பழக்கதோஷத்தில் சக்கரத்தின் மேல் கையை விட்டுப் பார்த்தான்.

"மாமா, இப்ப நாலரை விரல் போகுது."