கேள்வியே ஹோம்வொர்க்!

நம் ஊரில் ஹோம்வொர்க் என்றால் என்ன? 'பக்கம் 42-ல் இருப்பதை அஞ்சு தடவை எழுதிண்டு வா.' ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் தூங்கி வழிவான். அம்மா எழுத, அப்பா அட்டை போட, மறுநாள் டீச்சர் 'வெரிகுட்' போடுவார். அந்த வெரிகுட் யாருக்கு என்பது குடும்ப ரகசியம்.

'இன்டர்நேஷனல் ஸ்கூல்' சமாசாரம் வேறு என்கிறார்களே, அங்கே எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. வாசலில் 'இன்டர்நேஷனல்' என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது. ஓட்டலுக்கு 'பேலஸ்' என்று பெயர் வைத்தால் உள்ளே ராஜாவா இருக்கிறார்? பாடத்திட்டம்தான் முக்கியம். அதில் பேர் வாங்கியது ஐ.பி. என்கிற இன்டர்நேஷனல் பாக்கலரியேட். அது பிறந்ததே ஒரு டிரான்ஸ்ஃபர் தொல்லையால்தான்!

அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர்

முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஆபீஸ் போட்டன. பல நாட்டு அதிகாரிகள் பெட்டி படுக்கை, பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக 1924-ல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது.

சின்ன வகுப்புகளில் பிரச்னை இல்லை. கடைசி இரண்டு வருஷம்தான் தலைவலி. இங்கிலாந்துப் பையனுக்கு ஒரு பரீட்சை, பிரெஞ்சுப் பையனுக்கு வேறு பரீட்சை, ஸ்விஸ் பையனுக்கு இன்னொன்று, அமெரிக்கப் பையனுக்கு மற்றொன்று. ஒரே பள்ளிக்கூடத்துக்குள் நாலு பள்ளிக்கூடம்.

'எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கிற மாதிரி ஒரே பரீட்சை வைத்தால் என்ன?' என்று 1960-களில் ஆசிரியர்கள் யோசித்தார்கள். முதலில் கை வைத்த பாடம் தற்கால வரலாறு. துணிச்சல்தான்! ஒரே யுத்தம் ஒரு நாட்டுப் புத்தகத்தில் வீரம், பக்கத்து நாட்டுப் புத்தகத்தில் அக்கிரமம். இரண்டையும் மனப்பாடம் செய்த இரண்டு பையன்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வாத்தியார் என்ன செய்வார்? 'ரெண்டு பேர் சொல்றதையும் படி. யார், ஏன் இப்படி எழுதினார்னு கண்டுபிடி' என்றுதான் சொல்ல முடியும். ஐ.பி.யின் மொத்த சாரமும் இதற்குள் அடங்கிவிட்டது.

1968-ல் ஐ.பி. அமைப்பு ஜெனீவாவில் முறைப்படி உதயமானது. இந்தியாவில் அது முதலில் நுழைந்த இடம் பம்பாயோ டெல்லியோ இல்லை சார், நம்ம கொடைக்கானல்! 1901-ல் மிஷனரிகளின் குழந்தைகளுக்காக ஆரம்பித்த பள்ளி, 1976-ல் ஐ.பி. டிப்ளமாவைக் கொண்டுவந்தது.

டீக்கடையும் பாடமே

பிளஸ் ஒன், பிளஸ் டூ வயசுப் பிள்ளைகளுக்கான இரண்டு வருஷ டிப்ளமாவில் ஆறு பாடங்கள். பாடத்துக்கு 7 பாயின்ட் வீதம் 42. மிச்சம் 3 பாயின்ட் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விசேஷம்.

ஒன்று, 4,000 வார்த்தைகளுக்கு மிகாத ஆராய்ச்சிக் கட்டுரை. தலைப்பை வாத்தியார் தரமாட்டார். கேள்வியை மாணவனே கண்டுபிடிக்க வேண்டும். 'விலைவாசி உயர்வு' என்று எழுதிக்கொண்டு போனால், 'இது தலைப்பு. கேள்வி எங்கேப்பா?' என்று திருப்பி அனுப்புவார்கள். 'எங்கள் தெரு டீக்கடையில் இரண்டு ரூபாய் ஏற்றியபோது எத்தனை பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள், ஏன்?' என்று கேட்டால், அது கேள்வி. இனி நோட்டும் கையுமாக டீக்கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். இந்தக் கட்டுரைக்கு மாணவன் சுமார் 40 மணி நேரம் உழைக்க வேண்டும். வாத்தியார் துணை வருவது 3 முதல் 5 மணி நேரம்தான்.

இன்னொன்று, அறிவுக் கோட்பாடு என்று ஒரு பாடம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 'உனக்குத் தெரியும் என்கிறாயே, எப்படித் தெரியும்?' என்று குடைவதுதான் அந்தப் பாடம்.

இவை போக கலை, விளையாட்டு, சமூகத் தொண்டு என்று பதினெட்டு மாதம் ஈடுபட வேண்டும். அதற்கு மார்க் கிடையாது. ஆனால் செய்யாவிட்டால் டிப்ளமாவே கிடையாது!

சுமை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கமில்லாத ராத்திரிகள் அங்கேயும் உண்டு. முதுகுச் சுமை, மண்டைச் சுமையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை மணி நேரம்?

நிறைய எழுதினால் நிறைய மார்க்கா? அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பதில் சொன்னார். உயர்நிலை வகுப்புகளில் ஹோம்வொர்க்குக்கும் மார்க்குக்கும் நல்ல சம்பந்தம் இருக்கிறது. சின்னக் குழந்தைகளிடம் அந்தச் சம்பந்தம் ரொம்பவே சொற்பம். பெரிய பிள்ளைகளுக்கும் தினம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பெரிய லாபமில்லை.

2012-ல் பீசா என்கிற உலகத் தேர்வு எழுதிய பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம் கணக்கு கேட்டார்கள். ஷாங்காயில் வாரம் 13.8 மணி நேர ஹோம்வொர்க். பின்லாந்திலும் கொரியாவிலும் 3 மணி நேரத்துக்கும் குறைவு. கொரியாவுக்குக் குடிபோக அவசரப்படாதீர்கள். அங்கே ராத்திரி டியூஷன் சென்டர்கள் காத்திருக்கின்றன!

அதே கணக்கில் இன்னொரு தகவல் உறுத்துகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட வாரத்துக்குச் சராசரியாக 1.6 மணி நேரம் அதிகமாக ஹோம்வொர்க் செய்கிறார்கள். இதில் மூளை வித்தியாசம் என்ன இருக்கிறது? ஒரு மேஜை, ஒரு விளக்கு, தொந்தரவில்லாத ஒரு மூலை. இவை இல்லாத வீட்டில் நல்ல ஹோம்வொர்க்கும் தண்டனைதான். ஐ.பி. பள்ளிகளில் ஃபீஸ் வருஷத்துக்குப் பல லட்சம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல கேள்வி கேட்கும் பயிற்சிகூட பணக்காரர் சொத்தாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்பா எழுதினால்?

வீட்டில் செய்யும் வேலைக்கு மார்க் என்றால் தில்லுமுல்லு நடக்காதா? முன்பெல்லாம் அப்பா எழுதிக் கொடுப்பார். இப்போது சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கிறது. அதைத் தடை செய்யப்போவதில்லை என்று 2023-ல் ஐ.பி. அறிவித்தபோது பலர் திகைத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அது எழுதியதை 'நான் எழுதியது' என்று சொல்லக் கூடாது. எங்கிருந்து எடுத்தாயோ, அதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவில் வாத்தியாரோடு ஒரு சின்ன நேர்காணலும் உண்டு. 'இந்த முடிவுக்கு எப்படி வந்தே?' என்று கேட்பார். இரவல் கட்டுரை அந்த இடத்தில்தான் திருதிருவென்று முழிக்கும்.

ஆபீஸில் நமக்கும் இதுதானே நடக்கிறது? ராத்திரி கண்விழித்து நாற்பது பக்க ரிப்போர்ட் தயார் செய்துகொண்டு போவோம். மானேஜர் ஒரே ஒரு எண்ணின் மேல் விரலை வைத்து, 'இது எங்கேர்ந்து வந்தது?' என்பார். ஏசியிலும் வியர்க்கும். பதினைந்து வருஷம் நாம் பதில்களை மட்டுமே எழுதிப் பழகியிருக்கிறோம். பதிலுக்கு ஆதாரம் கேட்பார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஜெனீவா ஃபீஸ் நம்மால் கட்ட முடியாது. ஆனால் அங்கே சொல்லித் தருகிற இரண்டு விஷயத்துக்கு ஃபீஸே கிடையாது. 'உன் கேள்வி என்ன?' என்பது ஒன்று. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் கேட்க ஒரு அண்ணனோ மாமாவோ இருந்தால் போதும், கார்ப்பரேஷன் ஸ்கூல் பையனும் இன்டர்நேஷனல்தான்.

இன்று அக்கா பையனிடம், 'ஹோம்வொர்க் முடிச்சியாடா?' என்று அதட்டாமல், 'இன்னிக்கு கிளாஸ்ல என்ன கேள்வி கேட்டே?' என்று விசாரித்துப் பாருங்கள்.

'நீங்க ஆபீஸ்ல என்ன கேட்டீங்க மாமா?' என்று அவன் திருப்பிக் கேட்டால், அது உங்களுக்கு ஹோம்வொர்க்!