இடுப்பு வலியும் மாத்திரைப் பழக்கமும்

திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவருக்கும், சின்னாளப்பட்டியில் தறியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவருக்கும், வேடசந்தூர் நூற்பாலையில் நின்றே வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இடுப்பு வலி கூலியோடு சேர்ந்தே வருகிறது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அவற்றில் பல, டைக்ளோபினாக் போலப் போதை தராதவை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை கெடுப்பது தனிக் கேடு. டிரமடாலும் டேபென்டடாலும் அப்படியல்ல, அபினியின் வழியிலேயே மூளையில் வேலை செய்பவை. டிரமடாலை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயதுள்ள இந்தியர்களில் 2.1 சதவீதம் பேர் அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. மருந்தாக விற்பவற்றை அப்படிப் பயன்படுத்தியவர்கள் மட்டும் ஏறக்குறைய 1 சதவீதம்.

டிரமடால் போன்ற மாத்திரையை நாள்தோறும் போட்டால் உடம்பு அதற்குப் பழகி, பழைய அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் வரும் முதல் தொல்லைகளில் உடம்பு வலியும் ஒன்று. சிலருக்கு வலியுணர்வே முன்பைவிடக் கூர்மையாகிவிடுகிறது. ஆகவே, "மாத்திரை போடலைன்னா எந்திரிக்கவே முடியல" என்பவர் நடிக்கவில்லை. அவர் சொல்வது முதுகெலும்பின் வலியா, மருந்து இறங்கும் வலியா என்பது அவருக்கே தெரியாது. எலும்பு மருத்துவர் ஒன்றையும் போதை மீட்பு மையம் மற்றொன்றையும் மட்டும் பார்த்தால், பழக்கம் விட்டவர் அதே வலியோடு அதே மூட்டைக்குத் திரும்புவார், பிறகு அதே மாத்திரைக்கும். இரண்டையும் ஒரே மருத்துவர், வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்கேற்ற மருந்தும் இருக்கிறது. புப்ரெனார்பின் ஏக்கத்தையும் தணிக்கும், வலியையும் குறைக்கும். ஏக்கத்துக்கு நாளுக்கு ஒரு வேளை போதும், வலிக்கு அதையே இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தரலாம். இன்று அது உரிமம் பெற்ற மீட்பு மையங்களிலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்ட மையங்களிலும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. படுக்கையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகவே இதைத் தரும் கிளினிக்குகளைப் பஞ்சாப் 2017-இல் தொடங்கிவிட்டது.

மருந்து வெளிச்சந்தைக்குப் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. புப்ரெனார்பின் ஊசியே நம் நாட்டில் போதைக்குப் பயன்பட்டிருக்கிறது. அதற்காகத்தான் மாத்திரையில், அபினியின் விளைவைத் தடுக்கும் நலாக்சோனைச் சேர்க்கிறார்கள், தொடக்கத்தில் செவிலியர் கண்ணெதிரே நாக்குக்கடியில் வைக்கச் சொல்கிறார்கள். சட்டத்தை இறுக்கிக் கடையில் விற்பனையை நிறுத்தினால் போதாதா என்பார்கள். அமெரிக்காவில் அபினி வகை வலி மருந்துகள் பற்றிய 2016 வழிகாட்டுதலுக்குப் பிறகு பல மருத்துவர்கள் அளவைச் சட்டென்று வெட்டினார்கள். அப்படித் திடீரென நிறுத்துவது தாங்காத வலிக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்லும் என்று 2019-இல் அந்நாட்டு மருந்துத் துறையே எச்சரித்தது. நமக்கு இதைவிடக் கசப்பான பாடம் உண்டு. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிக்குக்கூட மார்பின் கிடைக்காமல் போனது, 2014-இல் சட்டத்தைத் திருத்தும்படி ஆயிற்று. மருத்துவர்களுக்கு நேரம் ஏது என்பதுதான் உண்மையில் கனமான ஆட்சேபம். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறை சிகிச்சையை ஏற்கெனவே வீட்டுவாசலுக்குக் கொண்டுவருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 முதல் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். இடுப்பு வலி என்று ஓ.பி. சீட்டோடு வருபவரிடம் என்ன மாத்திரை, நாளுக்கு எத்தனை, எத்தனை மாதமாக என்று திட்டாமல் கேட்பதில் இதைத் தொடங்கலாம்.