தொப்பியில் பதவி, கேடயத்தில் கதை

கத்தோலிக்க ஆயரின் இலச்சினையைப் பார்த்தால் முதலில் குஞ்சங்களை எண்ணுங்கள். கேடயத்துக்கு மேலே அகல விளிம்புத் தொப்பி, அதன் இருபுறமும் தொங்கும் கயிறுகளில் குஞ்சங்கள். தொப்பி பச்சையாக இருந்து, பக்கத்துக்கு 1, 2, 3 என்று ஆறு குஞ்சம் தொங்கினால் அவர் ஆயர். நாலாவது வரிசையும் சேர்ந்து பத்தானால் பேராயர். ஐந்தாவதும் சேர்ந்து பதினைந்தாகி, நிறமும் சிவப்பானால் கர்தினால்.

இலச்சினை என்பதே போர்வீரர்களின் பழக்கம். 12ஆம் நூற்றாண்டில் அவர்கள் கேடயத்தில் தொடங்கியது. பின்னால் அதன்மேல் தலைக்கவசத்தையும் வரைந்தார்கள். ஆயுதம் ஏந்தக்கூடாத குருவுக்குத் தலைக்கவசம் ஏது? அந்த இடத்துக்குத் தொப்பி வந்தது. தலையில் வைக்கும் நிஜத் தொப்பியை 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நிறுத்திவிட்டார். படத்தில் மட்டும் தங்கிவிட்டது. அதே ஆண்டு, ஆயரின் கூம்புத் தலையணியையும் செங்கோலையும் இலச்சினையில் வரையக்கூடாது என்றும் உத்தரவு வந்தது.

வெளியே இப்படி எல்லாம் சட்டம். கேடயத்துக்குள்தான் ஆயர் தன்னைப் பற்றிப் பேச முடியும். 1977இல் ஜெர்மனியின் மியூனிக்–ஃப்ரைசிங் பேராயரான யோசேப் ராட்சிங்கரின் கேடயத்தில் மூன்று உருவங்கள். முடிசூடிய கறுப்பர் தலை, ஃப்ரைசிங் ஆயர்களின் பழைய சின்னம். சிப்பி, அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த புனித அகுஸ்தீனுடையது: கடலைச் சிப்பியால் மொண்டு மணற்குழியில் ஊற்றிய சிறுவன், மூவொரு கடவுளை அறிவால் அளக்க முயன்ற அகுஸ்தீனைத் திகைக்க வைத்ததாகக் கதை.

மூன்றாவது, முதுகில் பொதி கட்டிய கரடி. எனக்குப் பிடித்தது இதுதான். ரோமுக்குப் போகும் வழியில் ஃப்ரைசிங்கின் புனிதரான கொர்பீனியனின் குதிரையைக் கரடி கொன்றுவிட, அவர் பொதியை அதன் முதுகிலேயே ஏற்றி ஓட்டிப்போனாராம். ரோம் சேர்ந்ததும் அவிழ்த்துவிட்டாராம். 1981இல் வத்திக்கான் பணிக்கு அழைக்கப்பட்ட ராட்சிங்கர், தன்னை யாரும் இன்னும் அவிழ்த்துவிடவில்லை என்ற பொருளில் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார்.

2005இல் அவர் பதினாறாம் பெனடிக்ட் ஆனபோது தொப்பி போய்ப் பேதுருவின் திறவுகோல்கள் வந்தன; மூன்று உருவங்களும் இருந்தன. திருத்தந்தையருக்குரிய மும்முடியை மட்டும் எடுத்துவிட்டார். அங்கே வந்தது, 1969இல் ஆயர்களின் இலச்சினையிலிருந்து நீக்கிய அதே கூம்புத் தலையணி, மூன்று பொற்பட்டைகளோடு.