இரத்த அழுத்த மருந்துகளும் தோலின் நிறமாற்றமும்

மிகுந்த இரத்த அழுத்தம் உடையோர் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டியவராவர். அவருட் சிலர், மாத்திரை உண்ணத் தொடங்கியபின் முகம் கறுத்துவிட்டதென்று கூறி, மருத்துவரைக் கேளாமலே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இந்நோய் பெரும்பாலும் குறி ஏதுமின்றி மறைந்திருப்பதாதலின், நிறுத்தியவர் உடனே துன்பம் எதனையும் உணர்வதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ நேர்ந்த பின்னரே பிழை விளங்குகிறது. ஆகவே, இம்முறையீட்டில் உண்மை எவ்வளவு என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும்.

தோலின் நிறத்திற்கு முதன்மையான காரணம் மெலனின் என்னும் நிறப்பொருளாகும். மேற்றோலின் அடியடுக்கிலுள்ள நிறமி உயிரணுக்கள் இதனை ஆக்கி, அண்டையிலுள்ள உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டால் இவ்வாக்கம் பெருகும். தோலில் அழற்சி தோன்றி ஆறிய இடத்திலும் கறை தங்கும். மாநிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் இது மிகுதி.

மருந்துகள் இதில் வெவ்வேறு வழிகளில் தலையிடுகின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கிகள் சிலருடைய தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்குகின்றன. வெயில் பட்ட இடம் சிவந்து எரிந்து, பின்னர்க் கறுக்கிறது. இச்சிறுநீர்ப் பெருக்கிகளும், பீட்டா தடுப்பிகளும், எனலப்ரில் வகையினவும் அரிதாக ஊதாநிறமுள்ள, அரிப்புடைய தடிப்புகளை உண்டாக்கும். அவை ஆறினும் கருந்தழும்பு நெடுநாள் நிற்கும். டில்டியாசெம் என்னும் மருந்தோ, முன்னர்ச் சிவப்பு ஏதும் காணாமலே முகத்திலும் முன்கைகளிலும் சிலேட்டுப் பலகையின் நிறத்தை ஒத்த கருமையைத் தோற்றுவித்ததுண்டு. மருந்து தொடங்கிப் பல திங்கள் கழித்தே இது வெளிப்படும். கருநிறத் தோலினரிடமே பெரிதும் காணப்பட்டுள்ளது.

2017-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் கீழ் மிகுதியாக வழங்கப்படும் அம்லோடிபின், பலருக்குக் கணுக்கால் வீக்கம் தருவது. அதனால் தோல் கறுத்தல் மிக அரிது.

மருந்தே காரணமோ என்று ஐயுறுங்கால், கருமை எங்குள்ளது என்பதை முதலில் நோக்குக. நெற்றி, கன்னம், புறங்கை ஆகியவை கறுத்து, மோவாயின் அடியும் காதின் பின்புறமும் ஆடை மூடிய இடமும் இயல்பாக இருப்பின், ஒளியின் பங்கு உண்டென்பது தெளிவு. பிடரியும் அக்குளும் தடித்து, மென்பட்டுப் போன்று கறுத்திருப்பின் அது வேறு. உடற்பருமனும் நீரிழிவுப் போக்கும் உடையாரிடம் காணப்படும் குறி அது. இவர்களிடத்தில் இரத்த அழுத்தமும் உடன் இருத்தல் இயல்பாதலின், பழி மாத்திரையின் மேல் விழுகிறது. உள்ளங்கை வரிகளும் வாயின் உட்புறமும் கறுத்து, உடல் மெலிந்து, அழுத்தம் தாழ்ந்து வருமாயின், அண்ணீரகச் சுரப்பி குன்றியிருக்கலாம். அத்தகையோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

நோயாளி உண்ணும் எல்லா மருந்துகளின் பெயரையும், ஒவ்வொன்றும் தொடங்கிய திங்களையும், கருமை தோன்றிய திங்களையும் குறித்துக்கொள்க. மலேரியாவிற்கோ மூட்டு நோய்க்கோ தரப்படும் குளோரோகுயின் போன்ற பிற மருந்துகளும் நிறத்தை மாற்ற வல்லன. இக்குறிப்புடன் அவரை நலநிலையத்திற்கு அனுப்புக. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளில் வகைகள் பல உண்டு. ஒன்று ஒவ்வாதெனின் மருத்துவர் மற்றொன்றைத் தருவார். மாற்றியபின் கருமை மெல்லவே மறையும். பல திங்களோ, ஓராண்டிற்கு மேலோ ஆகலாம். இதனை முன்னரே எடுத்துரைத்தால் நோயாளி மனந்தளரார்.

இதற்கிடையில் குடையும் முழுக்கைச் சட்டையும் பயன்படும். கறுக்கச் செய்யும் கதிர்களில் ஒரு பகுதி சன்னற் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதைப் பேருந்திற் செல்வோர் நினைவிற் கொள்க. கடைகளில் விற்கும் வெளுப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருத்தல் உண்டு. அவற்றை நாடுதல் தீமையே பயக்கும்.

முகத்தின் கருமை நாளடைவில் நீங்கக்கூடியது. பக்கவாதத்தால் செயலிழந்த கை மீளாமலும் போகலாம். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது என்னும் இவ்வொரு செய்தியை வீடுதோறும் சேர்ப்பித்தல் களப்பணியாளரின் கடமையாகும்.