பிறக்காதவர்களுக்கு என்ன விலை?

பொருளாதாரம்னாலே நமக்குச் சம்பந்தமில்லாத கணக்கு என்று ஒதுங்குகிற பழக்கம் எழுதுகிறவர்களிடமும் இருக்கிறது, இயக்கங்களில் வேலை செய்கிறவர்களிடமும் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள்தான் அரசியல் பதுங்கிக் கிடக்கிறது என்பதற்கு நிக்கோலஸ் ஸ்டெர்ன் நல்ல உதாரணம்.

1946இல் பிறந்த பிரிட்டிஷ்காரர். 1974-75இல் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்துப் பாலன்பூர் கிராமத்தில் கள ஆய்வு செய்தவர். 2000 முதல் 2003 வரை உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர். பிறகு பிரிட்டிஷ் நிதியமைச்சகத்தின் உயர் அதிகாரி. 2007இல் பிரபுக்கள் சபைக்கும் போயிட்டாரு. ஆக, அதிகாரத்தின் உள்வட்டத்து ஆள்தான்.

2006 அக்டோபரில் அரசுக்காக அவர் தந்த பருவநிலை மாற்ற அறிக்கை சொன்னது இது: சும்மா இருந்தால் உலக உற்பத்தியில் ஆண்டுக்கு 5 முதல் 20 சதவீதம் வரை இழப்பு; தடுக்க ஆகும் செலவு சுமார் 1 சதவீதம். உடனே சக பொருளாதார அறிஞர்கள் சண்டைக்கு வந்தார்கள். சண்டை புகையைப் பற்றியல்ல, வட்டியைப் பற்றி.

நூறு வருடம் கழித்து வரப்போகும் 100 பவுண்டு நஷ்டத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு பவுண்டுகூடத் தேறாது. ஸ்டெர்ன் கணக்கின்படி ஏறக்குறைய 1.4 சதவீதம் என்றால் 25 பவுண்டு. ஒரு எண்ணை மாத்தினா போதும், பேரழிவு சில்லறையாகிவிடும்! பின்னால் பிறந்தவர் என்பதற்காக ஒருவரைக் குறைத்து மதிப்பிட நியாயமில்லை என்றார் ஸ்டெர்ன். மனித இனமே அழிந்துபோகலாம் என்கிற சாத்தியத்துக்காக மட்டும் 0.1 சதவீதம் கழித்தார். சந்தையில் மனிதர்கள் நடந்துகொள்கிற விதத்திலிருந்துதான் வீதத்தை எடுக்க வேண்டும் என்றார் வில்லியம் நோர்ட்ஹாஸ். அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சந்தை என்பது யார்? இன்று கையில் காசு உள்ளவர்கள். பிறக்காதவர்களுக்கு அங்கே கடை கிடையாது. இந்த இடத்தில் ஸ்டெர்னின் பக்கம் நிற்கத்தான் வேண்டும்.

அதோடு முடியவில்லை. பார்த்தா தாஸ்குப்தா வேறொரு ஓட்டையைக் காட்டினார்: காலத்தால் தள்ளியிருப்பவருக்குச் சமநீதி தரும் இந்த அறிக்கை, ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவேயுள்ள ஏற்றத்தாழ்வுக்குப் போதிய எடை தரவில்லை. 1,000 பவுண்டில் வாழ்பவர் 100 இழப்பதும், 1,00,000 பவுண்டில் வாழ்பவர் 10,000 இழப்பதும் அந்தச் சூத்திரத்தில் ஒரே வலி. முன்னவருக்கு அது சோறு, பின்னவருக்கு ஒரு விடுமுறைப் பயணம்.

ஆகவே ஸ்டெர்னைத் தூக்கிப் பிடிப்பதோ, உலக வங்கி ஆள் என்று தள்ளிவிடுவதோ நமக்கு உதவாது. வீதம் என்கிற அந்தச் சின்ன எண் இயற்கை விதியல்ல, யாரோ எடுத்த அறமுடிவு என்பதை நிதியமைச்சகத்தின் மொழியிலேயே அவர் அம்பலப்படுத்திவிட்டார். அணையோ அனல்மின் நிலையமோ, லாபநட்டக் கணக்கை யாராவது நீட்டினால் முதலில் கேட்க வேண்டியது: எத்தனை சதவீதம் கழிச்சீங்க, யாருடைய வாழ்க்கையிலிருந்து கழிச்சீங்க?