தெமோலே மீனுக்கு ஆறுதான் சாலை

ஜெலுத்தோங் சந்தையில் கடல் மீனுக்குக் குறைவில்லை. நன்னீர் மீன் என்றால் பெரும்பாலும் குளத்தில் வளர்த்த திலாப்பியாவும் கெளுத்தியும்தான். அதனால்தானோ என்னவோ, 70 கிலோ வரை வளரக்கூடிய ஆற்று மீன் ஒன்று பக்கத்து மாநிலமான பேராக்கில் உண்டு என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை.

அந்த மீனின் பெயர் தெமோலே. அறிவியல் பெயர் புரோபார்பஸ் ஜுல்லியெனி. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொன்னிற உடலில் தலைப்பக்கமிருந்து வால்வரை நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பற்கள். நத்தையையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்ன அவை உதவுகின்றன.

மீகோங் உள்ளிட்ட சில பெரிய ஆறுகளிலும், நம் நாட்டில் பேராக், பகாங் ஆறுகளிலும் இது வாழ்கிறது. உப்புநீரைக் கடக்க முடியாத மீன் இவ்வளவு தூரம் எப்படிப் பரவியது? பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. இன்று கடலுக்கடியில் கிடக்கும் பரந்த சமவெளியில் அன்று ஆறுகள் ஓடின. அவற்றில் சில ஒன்றோடொன்று கலந்தன. நன்னீர் மீன்கள் பரவியதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான். இன்று அந்த வழியைக் கடல் மூடிவிட்டது. பேராக் ஆற்றில் தெமோலே அழிந்தால், வேறோர் ஆற்றிலிருந்து அது தானாக வந்து சேராது.

தெமோலே ஓரிடத்தில் தங்கி வாழும் மீன் அன்று. முட்டையிடும் காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலே செல்லும். ஓடும் நீரில் முட்டையிடும் மீன்களின் முட்டைக்கும் குஞ்சுக்கும் உயிர்வளி நிறைந்த நீர் வேண்டும். தேங்கிய நீரில் வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சுத் திணறிவிடும். ஆகவே இந்த மீனுக்கு ஆறு என்பது வீடு மட்டுமல்ல, சாலையும்கூட.

அந்தச் சாலை சுமார் 400 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் முதல் தடுப்பு 1930இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டேரோ அணை. பின்னர் 1970களிலும் 1980களிலும் தெமெங்கோர், பெர்சியா, கெனரிங் அணைகள் மேலே எழுந்தன. இவை மின்சாரம் தருகின்றன; வெள்ளத்தைக் கட்டுப்படுத்தவும் உதவுகின்றன. ஆனால் ஓடிய ஆறு அடுக்கடுக்கான ஏரிகளாகிவிட்டது. அணைக்குக் கீழேயும், மின் உற்பத்திக்கு ஏற்றபடி நீரோட்டம் ஏறி இறங்குகிறது. போதாக்குறைக்கு, மணல் அள்ளுவதால் ஆற்றின் அடித்தளமும் கலைகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் தெமோலே 1975 முதல் இடம்பெற்றுள்ளது. மிகக் கடுமையான பட்டியல் அதுதான். ஆனால் அது எல்லை தாண்டும் வணிகத்தைத்தான் தடுக்கும். மீன் போகும் வழியை அது திறந்துவிடாது.

ஊசிவழி ஹார்மோன் செலுத்தி முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறை தாய்லாந்திலும் நம் நாட்டிலும் கைகூடியுள்ளது. இது நல்ல செய்திதான். ஆனால் ஆற்றில் விடப்படும் குஞ்சு வளர்ந்து பெரிதாகப் பல ஆண்டுகள் ஆகும். அப்போது அது முட்டையிட எங்கே போகும்? வழியைச் சரிசெய்யாமல் குஞ்சுகளை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வோர் ஆண்டும் விட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

செண்டேரோவுக்குக் கீழே, கோலகங்சாரைத் தாண்டிக் கடல்வரை, ஆறு இன்னும் நீண்ட தூரம் ஓடுகிறது. அந்தப் பகுதியில் முட்டையிடும் இடங்களைக் கண்டறிந்து மணல் அள்ளுவதை நிறுத்தலாம். முட்டையிடும் காலத்தில் வலை வீசுவதைத் தடுக்கலாம். அந்த வாரங்களில் அணையிலிருந்து நீரைச் சீராகத் திறந்துவிடலாம்.

பினாங்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அது போதாது என்பதால் பேராக் ஆற்று நீரைக் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தண்ணீர் நமக்கும் தேவைதான். அதைக் கேட்கும்போது, ஆற்றில் எவ்வளவு நீர் மிஞ்சும், அது தெமோலேக்குப் போதுமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்போம்.