போல்ட் ஓட்டத்தில் ஒரு கணக்கு

2009 ஆகஸ்ட் 16. பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி முடித்தார். தூரத்தை நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 10.44 மீட்டர். இது வெறும் சராசரி வேகம்தான். முதல் 20 மீட்டருக்கு அவருக்குப் பிடித்தது ஏறத்தாழ 2.9 விநாடி. 60 முதல் 80 மீட்டர் வரை? வெறும் 1.61 விநாடி! அந்த இடத்தில் மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேலான வேகம்.

முடுக்கம் கேட்டால் மொத்த நேரத்தால் வகுத்துவிடாதீர்கள், மாணவர்களே. வேகம் எவ்வளவு மாறியது, அதற்கு எத்தனை விநாடி ஆனது என்று பாருங்கள். புறப்படும்போதுதான் முடுக்கம் மிக அதிகம். உச்ச வேகத்தில் அது பூஜ்யம். கடைசி 20 மீட்டரில் போல்ட்டின் வேகமே சற்றுக் குறைந்தது. அங்கே இருந்தது எதிர் முடுக்கம்.